கம்ப்யூட்டருக்கா, நமக்கா? கரிசல் வெயிலில் ஒரு போர்ட்டபிள் ஏசி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கோடை தொடங்கியதும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்கு ஏசி போட வேண்டுமா?" ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைய வேண்டுமானால் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். உள்ளே ஊட்டி போலக் குளிரும். ஏசி இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்யாது என்ற எண்ணம் அப்போதே நம் மனதில் பதிந்துவிட்டது. இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அந்த உபசாரம் தேவையில்லை. ஆனால் கோவில்பட்டியில் சித்திரை மாதம் மதியம் 2 மணிக்கு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்த்த பிறகு, கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

என் பெரியப்பா கோவில்பட்டியில் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கடலை மிட்டாய் பாக்கெட்டுக்கான லேபிள், தீப்பெட்டி லேபிள் டிசைன், நோட்டீஸ் எல்லாம் அங்கே தயாராகும். (எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு லேபிள் வேலை கொஞ்சம் கூடியிருக்கிறது.) முன்பக்கம் கவுண்டர், நடுவில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர். பின்பக்கம் ஒற்றைக் கலர் ஆஃப்செட் மெஷின், பேப்பர் கட்டுகள். எல்லாம் 12 அடிக்கு 25 அடியுள்ள ஒரே ஷெட்தான்.

போன கோடையில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஒன்று, டிசைன் செய்யும் கம்ப்யூட்டர் மதிய நேரங்களில் தானாக ஆஃப் ஆனது. வைகாசி முகூர்த்தத்துக்கான பத்திரிகை வேலை மலைபோல் கிடக்கும்போது, சேமிக்காத ஃபைல் போனால் வேலை முதலிலிருந்து ஆரம்பம். இரண்டாவது, அந்தக் கம்ப்யூட்டரில் எட்டு வருடமாக டிசைன் செய்துவரும் அக்கா ஒரு நாள் நாற்காலியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் கழித்து வந்தவர், "கம்ப்யூட்டர் ஆஃப் ஆனா நான் ஆன் பண்ணிருதேன். நான் ஆஃப் ஆனா யாரு ஆன் பண்ணுவா? வேற ஆள் பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பா பயந்துபோனார். முழு ஷெட்டுக்கும் ஏசி போட விசாரித்தார். கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங், கதவு, இரண்டு ஏசி என்று லட்சத்தைத் தாண்டியது. அப்போது ஒரு கடையில் போர்ட்டபிள் ஏசி என்ற ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். சக்கரம் வைத்தது. "ஏர் கூலர் மாதிரிதான். வேண்டிய இடத்துக்கு உருட்டிக்கிடலாம். சுவரில் ஓட்டை போட வேண்டாம்" என்று சொன்னார்களாம். 38 ஆயிரம் ரூபாய். அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். முகத்தில் ஜில்லென்று காற்று அடித்தது. இரண்டு மணி நேரத்தில் ஷெட் முன்பைவிடச் சூடாகிவிட்டது. கம்ப்யூட்டர் முன்பைவிடச் சீக்கிரம் ஆஃப் ஆனது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். நான் ஊருக்குப் போனது அந்த வாரம்தான்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. ஓரிடத்தில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வேறிடத்தில் கொட்டுகிறது. கிணற்றில் இறைக்கும் தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலில் விடுவது போலத்தான். 1 டன் ஏசி என்றால் மணிக்கு 12,000 பிடியு, அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து எடுக்க வல்லது என்று பொருள். அதைச் செய்ய கம்ப்ரஸர் சுமார் 1.3 கிலோவாட் மின்சாரத்தைச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். ஆக, முன்பக்கம் 3.5 எடுத்து, பின்பக்கம் 4.8 கொட்டுகிறது.

பின்பக்கம் வெளியே இருந்தால் நல்லது. அதுவும் அதே ஷெட்டுக்குள் இருந்தால்? கழித்துப் பாருங்கள். 1.3 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை நடு ஷெட்டில் வைத்தது போல ஆகிவிட்டது. ஓர் அயர்ன் பாக்ஸை முழுச் சூட்டில் நாள் முழுக்க ஓடவிட்டதற்குச் சமம். மெஷினோடு வந்த, அக்கார்டியன் போல மடிந்து நீளும் அகலக் குழாய் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. "அது எதுக்குன்னு தெரியலடே" என்றார் பெரியப்பா. அந்தக் குழாய்தான் அந்த மெஷினில் பாதி.

தொழிற்சாலைகளில் இதற்கு ஸ்பாட் கூலர் என்று பெயர். ஜப்பானில் கார் பாகங்கள் செய்யும் டென்சோ நிறுவனம் இந்த வகை மெஷின்களுக்குப் பேர் போனது. பெரிய ஷெட் முழுவதையும் குளிர்விக்கக் கட்டுப்படியாகாது. ஆனால் வெல்டிங் செய்கிறவர் நிற்கும் நான்கடி இடத்தைக் குளிர்வித்தால் போதும். அதனால் குளிர்க் காற்றை மட்டும் ஒரு மூக்கு வழியாக ஆள் மேல் விடுகிறார்கள். ஷெட்டின் கூரை மிக உயரமாக இருந்தால், சூட்டை மேலே விட்டுவிட்டாலும் ஆளுக்கு நிம்மதி. மேலே போன சூடு கூரை வழியாகவோ வென்டிலேட்டர் வழியாகவோ வெளியேறிவிடும். பெரியப்பாவின் கூரையோ 10 அடி உயரம். மேலே போன சூடு அப்படியே கீழே இறங்கும்.

முதலில் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்

புதிய வாசகர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். ஏசிக்குச் செலவு செய்யும் முன் கம்ப்யூட்டரின் வெப்பநிலையைப் பார்த்துவிட வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 கீயை அழுத்தினால் பயாஸ் திரை வரும். அதில் ஹார்டுவேர் மானிட்டர் அல்லது பிசி ஹெல்த் என்ற பகுதியில் ப்ராசஸரின் வெப்பநிலை தெரியும். ஆனால் அது சும்மா இருக்கும் நேரத்துச் சூடு. வேலை செய்யும்போது பார்க்க, ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச புரோகிராமை இறக்கிக்கொள்ளலாம். அதில் இப்போதைய வெப்பநிலை, குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று மூன்று எண்கள் வரிசையாக வரும். அதிகபட்சத்தைப் பாருங்கள்.

மதியம் ஷெட்டுக்குள் 38 டிகிரி. ப்ராசஸர் 97-ஐத் தொட்டது. பொதுவாக 95 முதல் 100 டிகிரி வரை போனால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு ஏறினால் மெஷின் ஆஃப் ஆகிவிடும். வைரஸ் என்று நினைத்துப் பலர் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். பெரியப்பாவும் இரண்டு தடவை செய்திருந்தார்.

கேபினட்டின் பக்கத் தகட்டைத் திறந்தேன். ப்ராசஸர் மேல் இருக்கும் அலுமினிய ஹீட்சிங்கின் இடுக்கெல்லாம் கம்பளி போட்டது போல் இருந்தது. கரிசல் மண்ணின் தூசி, மெஷினில் வெட்டிய பேப்பர்த் தூள், பிரிண்டரின் டோனர் எல்லாம் சேர்ந்த கலவை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வாசலுக்குக் கொண்டுபோய் ப்ளோயரால் ஊதினேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்று கெட்டுப்போகும். வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே விட வேண்டாம். அதன் முனையில் உருவாகும் நிலைமின்சாரம் சிப்புகளுக்கு ஆகாது. ஹீட்சிங்கைக் கழற்றிப் பேஸ்ட் மாற்றுவது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. அதையும் செய்துவிட்டேன்.

மறுநாள் அதே 38 டிகிரி வெயில், அதே வேலை. ப்ராசஸர் 79. ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை.

அதாவது, கம்ப்யூட்டருக்கு ஏசியே தேவைப்படவில்லை. சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர்களின் கையேட்டில் சுற்றுப்புறம் 35 டிகிரி வரை இருக்கலாம் என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். 38 என்பது அந்த எல்லைக்குச் சற்று மேலே. ஆனால் 80 டிகிரியில் இருக்கும் ஒரு சிப்புக்கு 38 டிகிரிக் காற்றும் குளிர்க் காற்றுதான். அறை எத்தனை டிகிரி குறைகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரிதான் ப்ராசஸரும் குறையும். அறையை 10 டிகிரி குறைக்க ஆயிரக்கணக்கில் செலவு. தூசியைத் தட்டினால் 18 டிகிரி இலவசம்.

மனித உடம்புக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நம் தோல் சுமார் 35 டிகிரி. அறை 38 என்றால் காற்றிடமிருந்து சூடு நம்மை நோக்கித்தான் வரும். வியர்வை உலர்வது ஒன்றுதான் வழி. மின்விசிறி அதற்குத்தான் உதவுகிறது. காற்றை அது குளிர்விப்பதில்லை. போதாததற்கு, கூரைத் தகட்டின் அடிப்பக்கம் மதியம் 56 டிகிரி. கையடக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்த்தேன். அது ஒரு பெரிய அடுப்பு போல மேலிருந்து அக்காவின் தலையைச் சுட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட் இருக்கும். உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் ஆள் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். கூரை வழியாக இறங்குவது இவை எல்லாவற்றையும் சேர்த்ததைப் போலப் பல மடங்கு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சாலை போடுகிறவர்களும் உப்பளத்தில் நிற்கிறவர்களும்தான் நினைவுக்கு வந்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே மவுஸ் பிடிக்கிறவர்களை நினைக்கவில்லை.

ஆகவே 38 ஆயிரம் ரூபாய் மெஷினைக் கம்ப்யூட்டருக்காக அல்லாமல் அக்காவுக்காக எப்படிப் பயன்படுத்துவது என்று யோசித்தோம்.

குழாய், திரை, கூரை

முதல் வேலை, குழாயை வெளியே விடுவது. ஓட்டை போட வேண்டாம் என்று சொல்லி விற்ற மெஷினுக்குக் கடைசியில் வென்டிலேட்டர் ஓட்டையைத்தான் பயன்படுத்தினோம். குழாய் எவ்வளவு குட்டையாகவும் நேராகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வளைவுகள் அதிகமானால் சூடான காற்று வெளியேறத் திணறும். அந்தக் குழாயே தொட முடியாத அளவு சுடும், அறைக்குள் ஒரு ரேடியேட்டர் போல. பழைய போர்வையைச் சுற்றிக் கயிறு கட்டினோம். பார்க்க நன்றாக இல்லை, வேலை செய்கிறது.

இதன் பிறகும் ஒரு சிக்கல் உண்டு. ஒற்றைக் குழாய் மெஷின், தன் பின்பக்கத்தைக் குளிர்விக்க அறைக் காற்றையே இழுத்து வெளியே தள்ளுகிறது. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும் அல்லவா? அது கதவிடுக்கு, ஜன்னல், கூரை இடைவெளி வழியாகத் தெருச் சூட்டோடு வரும். பாடுபட்டுக் குளிர்வித்த காற்றை வெளியே தள்ளி, வெந்த காற்றை உள்ளே அழைக்கும் கதை. அமெரிக்க அரசு இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு 2016-ல் போர்ட்டபிள் ஏசிகளுக்குத் தனிச் சோதனை முறை கொண்டுவந்தது. அதன்படி அளந்தால், பெட்டியில் 14,000 பிடியு என்று போட்டிருந்தவை 10,000 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடுகின்றன. நீங்கள் வாங்கும்போது இரட்டைக் குழாய் மாடல் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அது வெளிக் காற்றையே இழுத்து வெளியே விடும்.

எங்களிடம் இருப்பது ஒற்றைக் குழாய். ஆகவே இடத்தைச் சுருக்கினோம். இரண்டு கம்ப்யூட்டர் இருக்கும் 8 அடிக்கு 10 அடி மூலையை பிளைவுட் தடுப்பு வைத்து மறைத்தோம். மேலே தெர்மோகோல் அட்டை வைத்துத் தனிக் கூரை. வாசலுக்குக் கதவுக்குப் பதில், ஐஸ் ஃபேக்டரிகளில் தொங்குமே, அந்த பிளாஸ்டிக் பட்டைத் திரை. கஸ்டமர் கையை விட்டு ப்ரூஃப் வாங்கலாம், காற்று அதிகம் போகாது. பிரிண்டரைத் தடுப்புக்கு வெளியே வைத்துவிட்டோம். லேசர் பிரிண்டர் பேப்பரில் டோனரைப் பதிக்க ஒரு ரோலரைச் சூடாக்குகிறது. அதுவும் ஒரு சிறு அடுப்புதான்.

மதியம் 2 மணிக்கு ஷெட்டில் 38, தடுப்புக்குள் 29. அறை என்று பார்த்தால் 29 ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் தலைக்கு மேல் 56 டிகிரி தகடு இல்லை, முகத்தில் மெல்லிய குளிர் காற்று. ப்ராசஸர் தானாகவே 70-க்கு வந்துவிட்டது.

குளிர்க் காற்று மூக்கைக் கேபினட்டை நோக்கித் திருப்பலாமா என்று பெரியப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். சித்திரையில் நம் காற்று வறண்டிருப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் காற்றில் ஈரம் அதிகம். 15, 16 டிகிரிக் காற்றைத் தொடர்ந்து வாங்கிக் குளிர்ந்த தகடு, மெஷினை நிறுத்தியதும் ஈரக் காற்று பட்டால் வியர்க்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு போல. அந்தத் துளி மதர்போர்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்று ஆள் மேல் படட்டும். கம்ப்யூட்டர் அந்த அறைக் காற்றை இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் முக்கியம். இந்த மெஷினைக் கம்ப்யூட்டர் இருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தார்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் மின்சாரம் சட்டென்று இழுபடும், வோல்டேஜ் சரியும். யுபிஎஸ் "கீ கீ" என்று கத்தும். எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடாகி உருகும் அபாயமும் உண்டு. சுவரில் தனி 16 ஆம்பியர் பிளக், தனி ஒயர் இழுத்தோம். யுபிஎஸ்ஸில் ஏசி, கூலர், லேசர் பிரிண்டர் எதையும் மாட்டக் கூடாது. யுபிஎஸ்ஸைப் பற்றிப் பேசும்போது ஒன்று: அதில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிதான் உகந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் சுமார் பாதியாகும். கரிசல் பூமியில் பேட்டரி இரண்டு வருடத்தில் சாவதற்குக் காரணம் கம்பெனியின் தரம் மட்டும் அல்ல. யுபிஎஸ்ஸைத் தடுப்புக்குள் மேஜைக்கு அடியில், காற்று படும்படி வைத்தோம்.

அப்படியானால் ஏர் கூலர்?

இதைப் படிக்கும் பலர் "இதற்குப் பதில் ஒரு கூலர் வாங்கியிருக்கலாமே" என்று நினைப்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது. மணிக்கு 5 லிட்டர் தண்ணீர் ஆவியானால் அது சுமார் 3.4 கிலோவாட். ஏறக்குறைய 1 டன் ஏசி! அதற்கு ஆகும் மின்சாரமோ ஒரு ஃபேனும் ஒரு குட்டி பம்பும், 150, 200 வாட். 8 மணி நேரத்துக்குப் போர்ட்டபிள் ஏசி 10 யூனிட் வரை இழுக்கும், கூலர் ஒன்றரை யூனிட். கடைக்கு வணிக இணைப்பு என்பதை மறந்துவிட வேண்டாம்.

அதோடு கரிசல் காற்று கூலருக்கென்றே செய்தது போல் வறண்டது. 38 டிகிரி வெயிலும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தால் நல்ல கூலரிலிருந்து 28 டிகிரிக் காற்று வரும். அதே கூலரை இங்கிருந்து 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் தூத்துக்குடிக்குக் கொண்டுபோங்கள். கடற்கரைக் காற்றில் 33 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் 29-க்குக் கீழே இறங்காது. குறைவது மூன்று, நான்கு டிகிரிதான், அதோடு கசகசப்பு. சென்னையில் இருக்கும் உறவினர் "கூலர் சுத்த வேஸ்ட்" என்றால் அது அவர் ஊருக்குச் சரி. உங்கள் ஊரின் மதிய ஈரப்பதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 300, 400 ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது.

அப்படியிருந்தும் தடுப்புக்குள் கூலர் வைக்காததற்குக் காரணம் பேப்பர். ஏசியின் வரலாறே இங்கேதான் தொடங்குகிறது. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் கோடை ஈரத்தால் பேப்பர் விரிந்து சுருங்கி, ஒரு கலர் மேல் அடுத்த கலர் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இன்ஜினியர் ஒரு மெஷின் வடிவமைத்தார். ஆட்கள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதல்ல நோக்கம், பேப்பர் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதே. ஏர் கண்டிஷனிங் என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் ஸ்டூவர்ட் கிராமர். 1906-ல் அவர் அதைப் பயன்படுத்தியது பஞ்சாலைகளுக்கு. அங்கே பிரச்சினை தலைகீழ். காற்று வறண்டால் நூல் அறும், ஆகவே ஈரம் சேர்க்க வேண்டும். கோவில்பட்டி மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு உள்ளே எப்போதும் இருக்கும் அந்தப் பிசுபிசுப்பு தெரியும். அச்சும் நூலும்தான் ஏசியைப் பெற்றெடுத்தன என்றால், சிவகாசியும் கோவில்பட்டியும் அதற்குத் தாய்மாமன் முறை கொண்டாடலாம்.

கவுண்டர் பக்கம் இரண்டு நாள் கூலரைப் போட்டுப் பார்த்தோம். மாலைக்குள் ஷெட்டின் ஈரப்பதம் 65-ஐத் தாண்டியது. ஆர்ட் பேப்பர் ஓரம் சுருண்டது. பிரிண்டரில் இரண்டிரண்டாகப் பேப்பர் இழுத்து ஜாம் ஆனது. காரணம், கதவை அடைத்துக்கொண்டு கூலரைப் போட்டதுதான். கூலருக்கு ஏசியின் விதி பொருந்தாது. வெளிக் காற்று பின்பக்கம் வழியாக வர வேண்டும், ஈரக் காற்று எதிர்ப்பக்கம் வெளியே போக வேண்டும். ஜன்னலில் பின்பக்கம் தெருவைப் பார்க்கும்படி வைத்து, பின்கதவைத் திறந்துவிட்டோம். பேப்பர் கட்டுகளை பிளாஸ்டிக் தாளால் மூடினோம். இப்போது கவுண்டரில் நிற்கும் தம்பிக்கும் பைண்டிங் செய்கிறவர்களுக்கும் கூலர், டிசைன் மூலைக்கு ஏசி. அச்சு மெஷின் இருக்கும் பின்பக்கத்துக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கடையில் நாங்கள் வைத்தது சிறிய கூலர். அதற்கே நாளுக்கு 30 லிட்டருக்கு மேல் போகிறது, இரண்டு பெரிய குடம். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை இதற்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. போர்த் தண்ணீர் ஊற்றினால் பேடில் வெள்ளை உப்பு படியும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கும். வாரம் ஒரு முறை தொட்டியை முழுவதும் கொட்டிவிட்டுக் கழுவ வேண்டும். கூலருக்கு எதிரே மூன்றடிக்குள் கம்ப்யூட்டர் வைக்காதீர்கள். ஃபேன் வேகத்தில் நுண்ணிய நீர்த்துளிகளும் பறக்கும். அந்தத் துளி உலர்ந்தால் மிஞ்சுவது உப்பு. அது மதர்போர்டின் செம்பைத் தின்னும்.

வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. கேபினட்டைச் சுவரோடு ஒட்டாமல் பின்னால் அரை அடி இடம் விடுங்கள். மேஜையின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். தரையிலிருந்து ஓர் அடியாவது தூக்கி வையுங்கள், பெருக்கும்போது எழும் தூசி குறையும். மாதம் ஒரு முறை வெப்பநிலை பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊதுங்கள். மேற்கு வெயில் படும் ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டினால் நீங்கள் வாங்கவிருக்கும் கூலரின் வேலையில் பாதி முடிந்தது. பெரியப்பா ஷெட்டின் கூரைக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடித்ததை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் அதைக் கடைசியில்தான் செய்தோம். தகட்டின் அடிப்பக்கம் 56-லிருந்து 45-க்கு இறங்கியது. ஏசி வாங்கும் முன் செய்திருந்தால், ஏசியே வாங்கியிருப்போமா என்பது சந்தேகம்.

எல்லாம் முடிந்து நான் கிளம்பிய பிறகு, ஆனியில் பெரியப்பா போன் செய்தார். ஏசி திடீரென்று குளிரவில்லை, அடிக்கடி நின்றுபோகிறது என்றார். கொஞ்சம் விசாரித்ததும் புரிந்தது. நாங்கள் குழாயை விட்ட வென்டிலேட்டர் மேற்குப் பக்கம். ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே மேல்காற்று, வெளியே தள்ளிய சூட்டை அப்படியே திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. சித்திரையில் இறங்கிப் பார்த்தவனுக்கு ஆடி நினைவில் இல்லை. இப்போது குழாயின் முனையில் தகரத்தில் ஒரு முழங்கை செய்து கிழக்குப் பக்கம் திருப்பியிருக்கிறார். அணில் புகாமல் இருக்கக் கொசுவலை கட்டியிருக்கிறார். அந்த வலையில் அடைக்கும் தூசியை வாரம் ஒரு முறை தட்டுவது அக்காவின் பொறுப்பு. ஏசியின் ரிமோட்டும் அவரிடம்தான் இருக்கிறது.